பழைய ராலி, ஹெர்குலஸ், ஹம்பர் சைக்கிள் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய சைக்கிள் ஒண்ணு கண்ணுல பட்டிருக்கு, வாங்கலாமா வேணாமா, இவ்ளோ சொல்றாங்களே கொடுக்கலாமான்னு திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை ஒரே இடத்துல போட்டுட்டேன். இங்க பேசுறது பெரும்பாலும் நம்ம பக்கம் கிடைக்கிற கறுப்பு ரோட்ஸ்டர் வண்டிகளைப் பத்தி, அதாவது கேபிளுக்குப் பதிலா இரும்புக் கம்பி இழுக்கிற கம்பி பிரேக், 28 இஞ்ச் வீல், ஃபுல் செயின் கவர், ஸ்பிரிங் வச்ச தோல் சீட்டுன்னு தாத்தா காலத்து வண்டிங்க. பழைய ரேஸ் சைக்கிளுக்கு இதுல பாதிதான் பொருந்தும்.

பழசா இருந்தாலே விண்டேஜ் தானா?

இல்லைங்க. முதல்ல நம்ம ஊர் கதையைத் தெரிஞ்சுக்கோங்க. ஆரம்பத்துல இங்க ஓடுனதுல நல்ல பங்கு இங்கிலாந்து வண்டிதான், நாட்டிங்ஹாம்ல இருந்து ராலி, பர்மிங்ஹாம்ல இருந்து ஹெர்குலஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ். சுதந்திரத்துக்கு அப்புறம் இங்கயே பெரிய அளவுல செய்ய ஆரம்பிச்சாங்க. 1949ல முருகப்பா குரூப்பும் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேந்து டிஐ சைக்கிள்ஸ் ஆரம்பிச்சாங்க, 1951ல அம்பத்தூர்ல இருந்து ஹெர்குலஸ் வெளிய வந்துச்சு. வங்காளத்துல அசன்சால்ல சென்-ராலி, சோனிபட்ல 1951ல அட்லஸ், லூதியானாவுல 1956ல ஹீரோ.

அதனால பழைய வண்டின்னா மூணு தினுசு. இங்கிலாந்துலயே செஞ்சது, அந்தப் பேர்லயே இங்க ஆரம்ப வருஷங்கள்ல செஞ்சது, அப்புறம் 1980, 90கள்ல லட்சக்கணக்குல வந்த சாதா வண்டி. மூணாவது தினுசு ஓட்டுறதுக்கு ரொம்ப நல்ல வண்டி, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அதுக்கு விண்டேஜ் விலை கொடுக்காதீங்க. ரெண்டாவது தினுசைத்தான் நம்ம ஆளுங்க கண்டுக்கவே மாட்டேங்குறாங்க, அது எனக்கு உண்மையாவே வருத்தம். ஆரம்பகால அம்பத்தூர் ஹெர்குலஸ் நல்ல கண்டிஷன்ல கிடைச்சா இங்கிலாந்து பேட்ஜ் இல்லையேன்னு விட்டுடாதீங்க. நம்ம ஊர் தொழில் வரலாறு அதுல இருக்கு, பார்ட்ஸும் சுலபமா கிடைக்கும்.

விக்கிறவர் "ஒரிஜினல் இங்கிலாந்து ராலி சார்"னு சொல்றார். எப்படி நம்புறது?

முன்னாடி ஹெட்ல இருக்கிற பேட்ஜை மட்டும் பாத்து நம்பாதீங்க. பேட்ஜ் தனியாவே விக்குது, எந்த ஃபிரேம்லயும் மாட்டிடலாம். பேட்ஜோட ஓரத்தை உத்துப் பாருங்க. பல வருஷமா அங்கயே இருந்த பேட்ஜைச் சுத்தி அழுக்கும் பெயிண்டும் ஒரு கோடு மாதிரி படிஞ்சிருக்கும். நேத்து மாட்டினதுன்னா திருகாணி மட்டும் பளபளன்னு இருக்கும், இல்லன்னா பேட்ஜுக்குக் கீழ பழைய ஓட்டை ஒண்ணு எட்டிப் பாக்கும்.

பேட்ஜை விட செயின் வீல், அதாவது பெடலோட சேந்து சுத்துற பல்சக்கரம், உண்மை பேசும். ராலியோட செயின் வீல்ல கொக்குத் தலை வெட்டியிருக்கும், அவங்க பேட்ஜ்ல இருக்கிற அதே நாரைதான். ரட்ஜ் வண்டின்னா (அதுவும் இங்கிலாந்து கம்பெனிதான்) உள்ளங்கை உருவம். ஹம்பர்னா அஞ்சு மனுஷ உருவம் வட்டமா நிக்கும். ஹம்பருக்கு இன்னொரு அடையாளம் ஃபோர்க். ஒவ்வொரு பக்கமும் ஒரு குழாய்க்குப் பதிலா மெல்லிசா ரெண்டு ரெண்டு குழாய் இறங்கும், தூரத்துல இருந்தே தெரிஞ்சிடும். ராலி ஃபோர்க்குக்கு மேல தோள்பட்டை ரெண்டுலயும் குரோம் மூடி வட்டமா உக்காந்திருக்கும்.

பல பேர் குழம்புற ஒரு விஷயம், இந்த பிராண்டு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்தது. ஹம்பரை 1932லயும் ரட்ஜை 1943லயும் ராலி வாங்கிடுச்சு, பிஎஸ்ஏ சைக்கிளை 1957ல வாங்குச்சு, 1960ல ஹெர்குலஸ், பிலிப்ஸ் வெச்சிருந்த குரூப்போட சேந்தே போச்சு. அதனால ஒரு ரட்ஜ் வண்டில ராலி பார்ட்ஸ் இருந்தா உடனே டூப்ளிகேட்னு சண்டைக்குப் போகாதீங்க, ஃபேக்டரில இருந்தே அப்படி வந்திருக்கலாம்.

எந்த வருஷத்து வண்டின்னு கண்டுபிடிக்க முடியுமா?

கியர் ஹப், அதாவது பின் வீல் நடுவுல கியரை உள்ளயே வெச்ச உருளை, இருந்தா ஓரளவு முடியும். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி ஹப்போட உருளை மேல மாடல் பேரோட பக்கத்துல வருஷமும் மாசமும் குத்தியிருப்பாங்க. 56ன்னும் 4ன்னும் இருந்தா 1956 ஏப்ரல். கிரீஸ், மண்ணு எல்லாம் மூடியிருக்கும், மண்ணெண்ணெய் நனைச்ச துணியால துடைச்சா தெரியும். ஆனா அது ஹப்போட வயசுதான், வீலை யாராவது மாத்தியிருந்தா வண்டிக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்காது. மத்த விஷயங்களும் அதோட ஒத்துப் போகுதான்னு பாக்கணும்.

நம்ம பக்கம் பெரும்பாலும் கியர் இல்லாத வண்டிதான் கிடைக்கும். அதுக்கு சீட்டுக்குக் கீழ ஃபிரேம்ல குத்தின நம்பர் இருக்கும், அதை வெச்சு பழைய ஆளுங்க தோராயமா சொல்வாங்க. சிலர் ஹேண்டில்பார்ல தொங்குற முனிசிபாலிட்டி வில்லையைக் காட்டி இந்த வருஷம்னு சொல்வாங்க. ஒரு காலத்துல சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்டணும், அது உண்மை. ஆனா அந்த வில்லைல இருக்கிறது வரி கட்டுன வருஷம், வண்டி செஞ்ச வருஷம் இல்ல. அதுவும் தனியா விக்கிற சாமான்தான், எப்போ வேணா மாட்டிக்கலாம்.

என்னைக் கேட்டா வருஷத்துக்காக ரொம்ப மெனக்கெடாதீங்க. 1948ஆ 1953ஆங்கிறதால வண்டி நல்லா ஓடப் போறதில்ல.

ஒரே துருவா இருக்கு. அப்படியே விட்டுடலாமா?

துருவைப் பாத்து பயந்து நல்ல வண்டியை விட்டவங்களும் நிறைய, புதுப் பெயிண்டைப் பாத்து மயங்கி செத்த வண்டியை வாங்கினவங்களும் நிறைய. எந்தத் துரு எங்க இருக்குங்கிறதுதான் கேள்வி.

மேல பொடி மாதிரி பழுப்பா படிஞ்சிருக்கிறது ஒண்ணுமே இல்ல. குரோம் மேல இருக்கிற புள்ளித் துருவை அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி தண்ணில நனைச்சு தேச்சாலே பாதி போயிடும், அடில குரோம் மிச்சம் இருந்தா மினுங்க ஆரம்பிச்சிடும். பயப்பட வேண்டியது குழாய்க்கு உள்ள இருந்து வர்ற துருவுக்கு. மழைத் தண்ணி சீட் குழாய் வழியா இறங்கி, பெடல் அச்சு இருக்கிற அந்த அடிப்பெட்டிலதான் போய் நிக்கும். வண்டியைத் தலைகீழாப் போட்டு அங்க டார்ச் அடிச்சுப் பாருங்க. பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எழும்பியிருந்தா சாவியால தட்டிப் பாருங்க. நல்ல குழாய் கணீர்னு கேக்கும், அரிச்ச இடத்துல சத்தம் மந்தமா இருக்கும். கட்டை விரலால அழுத்தினா அமுங்குதுன்னா அந்த ஃபிரேம் முடிஞ்சுது, வந்த வழியே போயிடுங்க. பின் வீல் அச்சு மாட்டுற காதுகிட்டயும், பின் ஸ்டாண்டு உரசுற இடத்துலயும் இதே மாதிரி பாக்கணும்.

கையோட ஒரு சின்ன காந்தம் எடுத்துட்டுப் போங்க. பெயிண்ட் அடிச்ச வண்டில ஓட்டையை பட்டி போட்டு மூடியிருந்தா அந்த இடத்துல காந்தம் ஒட்டாது.

ரிம் துரு தனி. கம்பி பிரேக்ல கட்டை வந்து ரிம்மோட உள்பக்கத்தை அமுக்கும், அந்தப் பட்டை அரிச்சு சொரசொரன்னு ஆயிருந்தா ரிம்மை மாத்தியே ஆகணும். 28 இஞ்ச் ரோட்ஸ்டர் ரிம் இன்னும் புதுசாவே கிடைக்குது, ஆனா பழைய இங்கிலாந்து ரிம்ல பின்னாடி 40, முன்னாடி 32 போக்ஸ் கம்பி இருக்கும். அதே ஓட்டைக் கணக்குல ரிம் எடுக்கணும், இல்லன்னா பழைய ஹப் வேஸ்ட்.

ஃபிரேம் கோணலா இருக்கான்னு கடையில நின்னுக்கிட்டே எப்படிப் பாக்குறது?

இதுக்கு ஒரு நூல் போதும். நூலோட ஒரு முனையை பின் வீல் மாட்டுற காதுல ஒரு பக்கம் கட்டுங்க, அப்படியே முன்னாடி கொண்டு போய் ஹேண்டில்பாருக்குக் கீழ இருக்கிற ஹெட் குழாயைச் சுத்தி, மறு பக்கமா திருப்பிக் கொண்டு வந்து இன்னொரு காதுல இழுத்துக் கட்டுங்க. இப்ப சீட் குழாய்க்கு ரெண்டு பக்கமும் நூல் எவ்ளோ தள்ளி இருக்குன்னு ஸ்கேல் வெச்சு அளங்க. ரெண்டும் ஒரே அளவா இருந்தா பின்பக்கம் நேரா இருக்கு. ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவால்ல. அதுக்கு மேல போச்சுன்னா எப்பவோ அடி வாங்கின வண்டி.

அடுத்து முன்பக்கம். பக்கவாட்டுல பத்தடி தள்ளி நின்னு பாருங்க. ஹெட் குழாயோட கோடு ஃபோர்க்கோட மேல் பாதில நேரா தொடரணும், அப்புறம்தான் கீழ வளைஞ்சு முன்னாடி போகணும். ஃபோர்க் மேலயே பின்னாடி சாஞ்சிருந்தா முன்னாடி எதுலயோ மோதியிருக்கு. அப்படி மோதின வண்டில ஹெட்டுக்குக் கொஞ்சம் கீழ, சாய்வுக் குழாயோட அடிப்பக்கம் விரலை வெச்சுத் தடவுங்க. கண்ணுக்குத் தெரியாத சின்ன மடிப்பு ஒண்ணு விரலுக்குத் தட்டுப்படும். ஃபோர்க் மட்டும் வளைஞ்சிருந்தா வேற ஃபோர்க் போட்டுக்கலாம். குழாய்ல மடிப்பு வந்திருந்தா நான் வாங்க மாட்டேன், யாருக்கும் வாங்கச் சொல்லவும் மாட்டேன், ஓடிக்கிட்டிருக்கும்போது அது விட்டுச்சுன்னா பல்லு போகும்.

ஓட்டிப் பாக்க விட மாட்டேங்குறாங்க, டயர்ல காத்தும் இல்ல. என்ன பாக்கலாம்?

ஓட்டாமலேயே நிறைய தெரியும். முன் வீலைத் தூக்கிட்டு ஹேண்டில்பாரை மெதுவா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புங்க. நேரா வர்ற இடத்துல மட்டும் லேசா டக்குனு உக்காருதுன்னா உள்ள குண்டு உருளுற கப்புல பள்ளம் விழுந்திருக்கு. பெடல் கட்டை ரெண்டையும் பிடிச்சு குறுக்கால ஆட்டுங்க, டொக்கு டொக்குன்னு ஆடினா அச்சு லூசு, இல்லன்னா பெடல் கட்டையை அச்சோட இறுக்குற காட்டர் பின் தேஞ்சிருக்கு. வீலைச் சுத்தி விட்டு பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல இடைவெளியைப் பாருங்க. கொஞ்சம் ஆடினா பெண்டு எடுத்துக்கலாம், ரிம் ஒரே இடத்துல உள்ள அமுங்கியிருந்தா பெண்டு எடுக்குறதுல சரியாகாது.

செயினை டேப்பால அளங்க. புது செயின்ல 24 கண்ணி சரியா 12 இஞ்ச் இருக்கும். அது எட்டுல ஒரு பங்கு இஞ்ச் நீண்டிருந்தா செயின் முடிஞ்சுது. செயின் போனா ஒண்ணுமில்ல, சல்லிசு. ஆனா ரொம்ப நீண்ட செயினோட பல வருஷம் ஓட்டியிருந்தா செயின் வீல் பல்லு கொக்கி மாதிரி தேஞ்சிருக்கும். கொக்குத் தலை வெட்டின ஒரிஜினல் செயின் வீல்ல அப்படி ஆயிருந்தா அது பெரிய நஷ்டம்.

கடைசியா ரெண்டு விஷயம், சீட் கம்பியும் ஹேண்டில்பார் தண்டும் அசையுதான்னு கேட்டு ஸ்பேனர் போட்டுப் பாத்துடுங்க. இருபது முப்பது வருஷமா கழட்டாத வண்டில அது ஃபிரேமோட ஒட்டிக்கிட்டிருக்கும். எண்ணெய் ஊத்தி ஊத்தி நாள் கணக்குல காத்திருந்தா பெரும்பாலும் வரும். வராம போச்சுன்னா அறுத்துத்தான் எடுக்கணும். உங்க உயரத்துக்கு சீட் சரியா இல்லாத வண்டில இது முக்கியமான பேரப் பாயிண்ட்.

எது இல்லன்னா வாங்கக் கூடாது?

இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வர்றது இதுதான். அசிங்கமா இருக்கிறதைப் பாக்காதீங்க, திரும்பக் கிடைக்காதது எது இல்லன்னு பாருங்க. டயர், டியூப், செயின், பிரீவீல், பால்ரஸ் குண்டு, பிரேக் கட்டை, பெடல், போக்ஸ் கம்பி, இதெல்லாம் எந்த ஊர் சைக்கிள் கடையிலயும் கிடைக்கும், இது எல்லாமே போயிருந்தாலும் நான் கவலைப்பட மாட்டேன். நம்ம நாட்டுல இன்னும் கம்பி பிரேக் ரோட்ஸ்டர் செய்றாங்கங்கிறது நமக்குக் கிடைச்ச வரம். இங்கிலாந்துலயே இந்தச் சாமானுக்கு அலையுறாங்க.

கிடைக்காதது வேற. ராலில பெடல் அச்சு கப்புக்கும் ஃபோர்க் கப்புக்கும் ஒரு இஞ்சுக்கு 26 மரை, மத்த வண்டிங்கள்ல 24. கடைக்காரர் கைக்கு வந்த கப்பை வெச்சு முடுக்கினா ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் இறுகும். அதுக்கு மேல ஸ்பேனர் போட்டு முறுக்கினார்னா ஃபிரேமோட மரையே போயிடும். இப்படி மரை போன ராலி ஃபிரேம் நிறைய சுத்துது. அதனால ராலி வாங்கும்போது அந்தக் கப் நல்லா இருக்கான்னு பாக்குறது பேட்ஜ் பாக்குறதை விட முக்கியம். எண்ணெய் ஊத்துற மாதிரி முழுசா மூடின ஒரிஜினல் செயின் கேஸ், ஹம்பரோட ரெட்டைக் குழாய் ஃபோர்க், அந்தந்த பிராண்டு செயின் வீல், கிராங்க், இதுல ரெண்டு மூணு காணோம்னா நீங்க வாங்குறது வண்டி இல்ல, பார்ட்ஸ் தேடுற வேலை. தேடுறது பிடிக்கும்னா வாங்குங்க, நல்ல பொழுதுபோக்குதான்.

டயர் சைஸ் கிடைக்குமா?

28க்கு ஒண்ணரை, நம்ம ரோட்ஸ்டர் சைஸேதான், தாராளமா கிடைக்கும். 26 இஞ்ச் வண்டின்னா மட்டும் உஷார். 26ன்னு போட்ட டயர் எல்லாம் ஒண்ணு இல்ல. பழைய ராலி ஸ்போர்ட்ஸ் மாதிரி வண்டிக்கு 26க்கு ஒண்ணே மூணு பை எட்டு, அதாவது டயர் ஓரத்துல சின்னதா 590ன்னு இருக்கிறது வேணும். மலை சைக்கிளோட 26 இஞ்ச் டயர்ல 559ன்னு இருக்கும், அது இந்த ரிம்ல உக்காராது.

கம்பி பிரேக் பிடிக்குமா, ரோட்டுல ஓட்டலாமா?

காஞ்ச ரோட்டுல, கட்டையும் சரியா செட் பண்ணியிருந்தா தாராளமா நிக்கும். மழைல நனைஞ்ச குரோம் ரிம்ல பிடிப்பு ரொம்பக் குறைஞ்சிடும், இதை மறைக்காம சொல்லிடுறேன். ஊட்டி, ஏற்காடு மாதிரி இறக்கத்துல மழைக்காலத்துல இந்த வண்டி வேணாம். தஞ்சாவூர், மதுரை மாதிரி சமதளத்துல ஆயுசுக்கும் ஓட்டலாம். வாங்கும்போது ஹேண்டில்ல இருந்து கீழ வரைக்கும் எல்லாக் கம்பியும் இணைப்பும் இருக்கான்னு பாருங்க, ஒரு இணைப்பு ஆடினாலும் பாதி அழுத்தம் அங்கயே வீணாப் போயிடும்.

மூணு கியர் ஹப் இருக்கு, வேலை செய்யல. வேஸ்டா?

அவசரப்படாதீங்க, இந்த ஹப் சாமானியமா சாகாது. பாதி வண்டில உள்ள எண்ணெய் காஞ்சு கட்டியா ஆகி இறுகியிருக்கும், அவ்ளோதான். உருளைல இருக்கிற சின்ன மூடியைத் திறந்து லேசான எண்ணெய் விட்டு நாலு நாள் அப்பப்ப சுத்தி விட்டா பெரும்பாலும் உயிர் வந்துடும். ரெண்டாவது கியர் நேரடி, ஒண்ணாவது கால்வாசி லேசு, மூணாவது மூணுல ஒரு பங்கு கூடுதல் வேகம். ஸ்டர்மி ஆர்ச்சரோட ஏடபிள்யூ மாடல்ல ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல எதுலயும் மாட்டாத ஒரு இடம் இருக்கு, கேபிள் சரியா செட் ஆகலன்னா அங்க போய் நின்னுடும். எந்திரிச்சு நின்னு மிதிக்கும்போது பெடல் வெறும் காத்துல போச்சுன்னா கீழ விழுந்துடுவீங்க. செட்டிங் முடியற வரைக்கும் உக்காந்தே மிதிங்க.

முன் வீல் ஹப் பெருசா டப்பா மாதிரி இருந்தா அது டைனோஹப், உள்ளயே லைட்டுக்குக் கரண்ட் செய்யும். அது கிடைச்சா அதிர்ஷ்டம். ஆனா கடைக்காரர் கழட்டிக் காட்டுறேன்னு சொன்னா வேணாம்னு கையைப் பிடிங்க. உள்ள இருக்கிற காந்த வளையத்தை அப்படியே தனியா உருவி எடுத்தா காந்த சக்தி குறைஞ்சு லைட் மங்கிடும்.

தோல் சீட்டு காஞ்சு போயிருக்கு, சரி பண்ணலாமா?

தோல்ல குறுக்கால வெடிப்பு வந்திருந்தாலோ, ஆணி அடிச்ச இடத்துல தோல் கிழிஞ்சிருந்தாலோ பாக்க வெச்சுக்கலாம், உக்கார முடியாது. வெறுமனே காஞ்சு மட்டும் இருந்தா தோலுக்கான மெழுகு கொஞ்சம் கொஞ்சமாத் தடவி நாள் விட்டு நாள் ஊற விடணும். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் ஊத்திக் குளிப்பாட்டாதீங்க, தோல் தொளதொளன்னு தொங்கிடும். காஞ்ச சீட்டுல சோதிச்சுப் பாக்குறேன்னு உக்காந்துடவும் கூடாது, அந்த ஒரு தடவைல வெடிச்சிடும். புரூக்ஸ் கம்பெனி தோல் சீட்டு ஒரிஜினலா நல்லா இருந்தா அதுக்காகவே விலைல கொஞ்சம் ஏத்திக் கொடுக்கலாம்.

சரி, எவ்ளோ கொடுக்கலாம்?

நம்பர் சொன்னா அது ஊருக்கு ஊர் தப்பாத்தான் இருக்கும், கணக்குப் போடுற முறையைச் சொல்றேன். இன்னைக்கு உங்க ஊர்ல ஒரு புது ரோட்ஸ்டர் என்ன விலைன்னு விசாரிச்சு அதை மனசுல வெச்சுக்கோங்க. அப்புறம் பழைய வண்டிக்கு அவர் கேக்குற விலை, புதுசா போட வேண்டிய சாமான் விலை, ஓவராயில் கூலி மூணையும் கூட்டுங்க. டயர் டியூப் ரெண்டு செட், செயின், பிரீவீல், பிரேக் கட்டை, குண்டு எல்லாம் கண்டிப்பா வரும்னே எழுதிடுங்க. ஓட்டுறதுக்குத்தான் வாங்குறீங்க, வண்டியும் சாதா இந்திய வண்டின்னா அந்தக் கூட்டுத்தொகை புது வண்டி விலையைத் தாண்டக் கூடாது. தாண்டுற பணம் எதுக்குக் கொடுக்குறீங்கன்னு உங்களாலயே சொல்ல முடியணும், ஹம்பர் ஃபோர்க்குக்கு, செயின் கேஸுக்கு, அழியாத ஒரிஜினல் கோல்டு கோட்டுக்குன்னு. "பழசு சார்"ங்கிறதுக்காக மட்டும் கொடுக்காதீங்க.

காரைக்குடி பழம்பொருள் கடைத் தெரு மாதிரி இடங்கள்ல விலை ஷோவுக்கான விலை, ஓட்டல் வாசல்ல நிறுத்துறதுக்கு வாங்குறவங்களை நினைச்சு வெச்சது. ஓடுற வண்டி வேணும்னா கிராமத்துப் பக்கம் பழைய வாடகை சைக்கிள் கடை வெச்சிருந்தவங்க, பால்காரங்க, ரிட்டயர்டு வாத்தியாருங்க வீட்டுல கேளுங்க. யாழ்ப்பாணத்துலயும் றலின்னா (ராலியைத்தான் அங்க அப்படிச் சொல்வாங்க) தனி மரியாதை, போர்க்காலத்துல எரிபொருள் வராம அங்க சனம் சைக்கிளை நம்பித்தான் இருந்துச்சு, அதனால பழைய வண்டியைப் பொன்னு மாதிரி பாத்துக்குவாங்க, சும்மா தூக்கிக் கொடுத்துட மாட்டாங்க.

வாங்கினதும் பெயிண்ட் அடிச்சு புதுசாக்கிடவா?

தயவுசெஞ்சு அவசரப்படாதீங்க. பழைய வண்டில மட்கார்டு ஓரத்துல, குழாய் மேல போற அந்த மெல்லிசு கோல்டு கோடு, டிரான்ஸ்ஃபர் ஸ்டிக்கர் எல்லாம் ஒரு தடவை போனா போனதுதான். மண்ணெண்ணெயும் மெல்லிசு துணியும் வெச்சு துடைச்சு, மேல மெழுகு பூசிப் பாருங்க, அடில இருக்கிற கறுப்பு எவ்ளோ ஆழமா மினுங்குதுன்னு அப்பத் தெரியும். ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்ச வண்டியை வாங்கப் போறீங்கன்னா சீட் பிடி கழட்டி அடில என்ன கலர்னு பாருங்க, மொத்தமா எதையோ மறைக்க அடிச்சதுதான் பாதி.

திருட்டு வண்டியா இருந்தா?

சைக்கிளுக்கு ஆர்சி புக் கிடையாது, அதனால நாமதான் பாத்துக்கணும். ஃபிரேம் நம்பரை அரத்தால ராவியிருந்தா எவ்ளோ சல்லிசா கொடுத்தாலும் வேணாம். மத்தபடி ஒரு வெள்ளைப் பேப்பர்ல ஃபிரேம் நம்பர், தேதி, விலை, அவர் பேரு கையெழுத்து வாங்கிக்கோங்க, கையெழுத்து போட யோசிக்கிறவர்கிட்ட வாங்காதீங்க.

எனக்கு உயரம் கம்மி, 24 இஞ்ச் ஃபிரேம் கிடைச்சிருக்கு. பழகிடுமா?

பழகாது. பாருக்கு மேல கால் ரெண்டு பக்கமும் போட்டு தரையில நிக்க முடியலன்னா சிக்னல்ல ஒவ்வொரு தடவையும் சாயணும், வண்டியும் இருபது கிலோ சுமார் இருக்கும். 22 இஞ்ச் ஃபிரேம் தேடுங்க, இல்லன்னா பார் இல்லாத லேடீஸ் ஃபிரேம். அதை யாரும் கேக்க மாட்டாங்க, அதனால நல்ல இங்கிலாந்து வண்டியே கம்மி விலைக்குக் கிடைக்கும். டபுள் பார் ஃபிரேம் மூட்டை ஏத்துறதுக்குச் செஞ்சது, சும்மா ஓட்டுறதுக்கு கூடுதல் கனம்தான்.

எங்க தாத்தா வண்டி கொட்டாய்ல கிடக்கு, மெக்கானிக் "எடைக்குப் போடு"ங்கிறார். என்ன பண்ண?

இதுக்கு மேல சொன்ன விலைக் கணக்கு எதுவும் வேணாம். குழாய் உள்ள அரிக்காம இருந்தா, ஃபிரேம்ல மடிப்பு இல்லாம இருந்தா, எவ்ளோ செலவானாலும் எழுப்புங்க. அவர் கை பட்ட ஹேண்டில்பார் எந்தக் கடையிலயும் கிடைக்காது. வேற மெக்கானிக்கைப் பாருங்க, அறுபது வயசு தாண்டின ஆளா, காட்டர் பின் கழட்டத் தெரிஞ்சவரா. தெரிஞ்சவரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, பின்னைச் சுத்தியலால அடிக்கிறதுக்கு முன்னாடி கிராங்க்குக்கு அடில ஒரு இரும்புக் குழாயைத் தரையில இருந்து முட்டுக் கொடுப்பார். முட்டுக் கொடுக்காம அடிச்சா அந்த அடி மொத்தமும் உள்ள இருக்கிற குண்டுலயும் கப்புலயும் போய் இறங்கி பள்ளம் போட்டுடும்.

வாங்கியாச்சு. முதல்ல என்ன?

ஓட்டாதீங்க. எல்லா இடத்தையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, எந்த வாஷர் எங்க இருந்துச்சுன்னு பின்னாடி தேவைப்படும். அப்புறம் சீட் கம்பி, ஹேண்டில்பார் தண்டு, காட்டர் பின் நட்டு, பெடல் மரை, இந்த நாலு இடத்துலயும் எண்ணெய் விட்டு ஒரு வாரம் ஊற விடுங்க. பெடல் கழட்டும்போது இடது பக்கத்துக்கு மரை தலைகீழ், கடிகாரம் சுத்துற பக்கமா திருப்பினாத்தான் கழலும், தெரியாம எதிர்ப்பக்கம் இறுக்கிடாதீங்க. பழைய கிரீஸ் முழுக்கச் சுரண்டி எடுத்துட்டு எல்லா இடத்துலயும் புதுக் குண்டு போடுங்க, பழைய குண்டு பாக்க நல்லா இருந்தாலும் திரும்பப் போட வேணாம். டயர்ல மொதல்ல பாதிக் காத்து மட்டும் அடிச்சு ஒரு ராத்திரி வெச்சுட்டு, காலையில ஓரம் எங்கயும் ரிம்மை விட்டுத் தூக்கலன்னு பாத்துட்டு முழுக் காத்து அடிங்க.